நாளுக்கு ஒரு கல்

என் தோழியின் கணவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவர் என் குன்றை இடித்துத் தள்ளியதால்தான் நான் அப்படிச் செய்தேன் என்று பின்னால் சிலரிடம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. குன்றை இடிப்பதற்கு வெகு முன்பே அந்த மனிதரின் குரல் எனக்கு ஆகாமல் போய்விட்டது.

நானும் தோழியும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த நாற்காலியில் வேலை பார்த்தோம். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அவள் ஆவடியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிக் கோவில்பதாகைக்குப் போனவள். நான் விருதுநகர் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, பாரிவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியேறியவள். இந்த ஊரில் தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவள் ஒருத்திதான். மத்தியானம் அவள் டிபன் பாக்ஸை நான் திறப்பேன், என்னுடையதை அவள் திறப்பாள்.

என் கணவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். அந்த விளையாட்டை எங்களுக்குப் பழக்கிவிட்டது அவர்தான். கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம். மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டிகளாக இருக்கும். ஓரிடத்தில் வெட்டி எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கலாம், மனதுக்குப் பட்டதைக் கட்டலாம். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. இருட்டில் பிசாசுகள் முளைக்கும், டார்ச் என்கிற தீப்பந்தத்தை நட்டுவைத்தால் முளைக்காது. நாங்கள் நாலு பேர் மட்டும் வந்துபோகிற மாதிரி என் கணவர் ஒரு சர்வரில் ஓர் உலகத்தைத் திறந்துவைத்தார். வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து, நாலு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசியபடியே விளையாடுவோம்.

நாலு பேருக்கும் நாலு விதமான கிறுக்கு. என் கணவர் எதையும் கட்ட மாட்டார். ஒரு ரொட்டியும் பிக்காசும் எடுத்துக்கொண்டு பூமிக்குள் தோண்டிக்கொண்டே போவார். "அங்க என்னதாங்க இருக்கு?" என்று கேட்டால், "இன்னும் பாக்கல" என்பார். தோழி கோழி வளர்த்தாள். ஒன்றைக்கூடக் கொல்ல மாட்டாள். அலுவலகத்தில் உள்ளவர்களின் பெயரை ஒவ்வொரு கோழிக்கும் வைத்து, எங்கள் மேலாளரின் பெயர் கொண்ட கோழியை மட்டும் தனிக் கூண்டில் அடைத்திருந்தாள். கோழிகள் பெருகி, அவள் பண்ணைப் பக்கம் யார் போனாலும் திரை திக்கித் திக்கித்தான் நகரும்.

எனக்கு டார்ச். ஆறு கட்டிக்கு ஒன்று இருக்க வேண்டும். ஏழாவதில் இருந்தால் பிடுங்கி மறுபடி நடுவேன். அந்த உலகத்தில் அடிமரத்தை வெட்டினாலும் மேல்பாதி அந்தரத்தில் அப்படியே நிற்கும். யாராவது பாதியில் விட்டுப்போன மரத்தைப் பார்த்தால் ஏணி கட்டி ஏறி மிச்சத்தையும் வெட்டினால்தான் எனக்கு நிம்மதி. முடிக்கும்போது, அந்த உலகத்தில் நானாக நடமாடுகிற என் பொம்மையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத்தான் அணைப்பேன். ஒருமுறை கரண்ட் போய் அவளை மழையில் நிற்கவைத்துவிட்டு வரும்படி ஆனது. மறுநாள் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

தோழியின் கணவருக்கு எண்ணுகிற கிறுக்கு. அவர் அம்பத்தூரில் ஒரு வண்டிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். வந்த பாகங்களை அளந்து, மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்புகிற வேலை. அந்த வேலையை அவர் சாயங்காலமும் செய்தார். சாம்பல் நிறக் கல்லில் ஒரு கோட்டை கட்டினார். நாலு பக்கமும் அறுபத்து நாலு கல். வேறு எந்த நிறமும் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு பலகை: 'அனுமதி பெற்று வரவும்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'செருப்பைக் கழற்றவும்.' பொம்மைகளுக்குச் செருப்பே கிடையாது. முடிக்கும் முன் தினமும் சுவரைச் சுற்றி நடந்து, வாய்விட்டு எண்ணுவார். எங்கள் மூன்று பேர் காதிலும் அது விழும். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." அறுபத்து நாலு வந்ததும் ஒரு பெருமூச்சு. பிறகு அடுத்த சுவர். அந்தப் பெருமூச்சைக் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

அதோடு நிற்க மாட்டார். மற்றவர்கள் கட்டியதையும் எண்ணுவார். "சிஸ்டர், உங்க வாசப்படி ஒரு பக்கம் அஞ்சு, இன்னொரு பக்கம் ஆறு கீது" என்பார். நான் சரிசெய்யும்வரை மூன்று நாளைக்கு அதையே சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிண்ணா" என்பேன்.

அந்த உலகத்தில் எனக்கென்று ஒரு குன்று இருந்தது. அதன் உச்சிக்கு வளைந்து வளைந்து ஏறும் ஒரு படிக்கட்டை நாலு மாதமாகக் கட்டினேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மாடம், மாடத்தில் ஒரு விளக்கு. மேலே நின்றால் கடல் தெரியும். பெரிய வேலைப்பாடு ஒன்றுமில்லை. ஆனால் அலுவலகத்தில் மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடித்து அலுத்துப்போய் வருகிற எனக்கு, தப்பில்லாமல் ஒன்று செய்கிறோம் என்ற எண்ணம் அங்கேதான் கிடைத்தது.

சித்தி மகள் கல்யாணத்துக்காக நாலு நாள் ஊருக்குப் போய் வந்தேன். வந்த அன்று சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் அவர் குரல் கேட்டது. "சிஸ்டர், ஒரு சர்ப்ரைஸ் கீது. உங்க மேட்டாண்ட போய்ப் பாருங்க."

போனேன். மேடு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக மண். நடுவில் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பலகை: 'சிஸ்டர் கல்', 'சிஸ்டர் விளக்கு', 'சிஸ்டர் மண்'.

"என்னண்ணா இது?"

"என் ரெண்டாவது கோட்டைக்கு எடம் பத்தல சிஸ்டர். மேடு குறுக்கால நின்னுகினு இருந்துச்சு. லெவல் பண்ணிட்டேன். உங்க சாமான் ஒண்ணு கொறையாது, எண்ணி எண்ணி வெச்சுக்கீறேன்."

"கேக்காம எப்படிண்ணா இடிப்பீங்க?"

"நீங்க ஊர்ல இருந்தீங்க. சும்மா கல்லுதானே, வேற எடத்துல கட்டிக்கலாம். அதுவுமில்லாம, தப்பா நெனைக்காதீங்க, உங்க படி கோணல். அஞ்சாவது வளைவுல ஒரு கல்லு எச்சா இருந்துச்சு. பிரிக்கசொல்லோ பாத்தேன்."

தோழியின் கோழிகள் கொக்கரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் பூமிக்கடியிலிருந்து, "விடும்மா, கேம்தானே" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தேன். ஐந்தாவது வளைவில் ஒரு கல் அதிகம் என்பது எனக்கு முன்பே தெரியும். யாருக்கும் தெரியாதென்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். அவர் இடித்ததைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். இடித்த கையோடு அதையும் கண்டுபிடித்துச் சொன்னாரே, அதுதான் ஆறவே இல்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, இட்லி வேகும் நேரத்தில், லேப்டாப்பைத் திறந்து தனியாக உள்ளே போனேன். வாசலில் இருந்த பலகைகளைத் தாண்டி அவர் கோட்டைக்குப் போய், வடக்குச் சுவரின் கோடியில் ஒரு கல்லைக் கூடுதலாக வைத்தேன். அறுபத்தைந்து. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுச் சட்னிக்குத் தாளித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் எண்ணினார். "...அறுபத்தி மூணு, அறுபத்தி நாலு..." நின்றார். "அறுபத்தி அஞ்சா?" மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணினார். "இன்னா இது, எப்புடி எச்சா போச்சு?" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு அந்தக் கல்லை எடுத்தார். நான் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன். நாலு மாத வேலை முடிந்து குன்றில் கடைசிப் படியை வைத்த அன்றுதான் அப்படிச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

மறுநாள் ஒரு சன்னலை ஒரு கட்டி இடப்பக்கம் நகர்த்தினேன். அதற்கடுத்த நாள், சுவரில் ஒரு கல்லை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே சாம்பல் நிறத்தில் சற்றே சொரசொரப்பான வேறொரு கல்லை வைத்தேன். பிறகு வேலியில் ஒரு கம்பம், ஒரு படியின் திசை, ஒரு பெட்டியின் இடம். நாளுக்கு ஒன்றுதான். அதில் நான் கறாராக இருந்தேன். சனி, ஞாயிறு விடுமுறை. அவர் சிலவற்றை அன்றே கண்டுபிடித்தார். சிலவற்றை நாலு நாள் கழித்துக் கண்டுபிடித்தார். சிலவற்றைக் கண்டுபிடிக்கவே இல்லை.

இரண்டாவது வாரம் எல்லோரையும் கேட்டார். "யாராச்சும் என் கோட்டைய தொட்டீங்களா? தொட்டிருந்தா சொல்லிடுங்க, கோச்சிக்க மாட்டேன்."

தோழி, "உங்க கோட்டையாண்ட எவன் வருவான்? செருப்ப கழட்டணும்னு சொல்றீங்க" என்றாள். என் கணவர் இல்லை என்றார்.

"நானும் தொடலண்ணா" என்றேன். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

யார் எதைத் தொட்டார்கள் என்று பதிவு வைக்கும் வசதியை எங்கள் சர்வரில் போட்டிருக்கவில்லை. ஆனால் காலையில் நான் லேப்டாப்பைத் திறக்கும் மேசையில்தான் என் கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "நீதானா?" என்றார்.

"ஆமா."

"போதும், விட்டுரு."

"அவரு வந்து மன்னிப்புக் கேக்கட்டும், விடுறேன்."

"நீ பண்றது அவருக்குத் தெரிஞ்சாத்தானே மன்னிப்புக் கேப்பாரு?"

நான் இன்னொரு இட்லியை அவர் தட்டில் வைத்தேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எதையும் பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கிப்போகிற மனிதர் அவர்.

அதற்குப் பிறகு தோழியின் கணவர் எண்ணும் விதம் மாறியது. சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்தவர் மூன்றுமுறை நடந்தார். ஒரு நோட்டு வாங்கி, அதுவரை கண்டுபிடித்தவற்றையும் நினைவிலிருந்து சேர்த்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். தப்பாக இருப்பதைச் சரிசெய்வதை நிறுத்திக்கொண்டார். "இப்ப கீறத அப்படியே எழுதிக்கறேன். நாளைக்கு இதே மாரி கீதான்னு பாக்கலாம்" என்றார். மறுநாள் அதே மாதிரி இருக்காது. அந்தப் பெருமூச்சு நின்றுபோனது. பேச்சும் குறைந்தது. என்னைக் குறைசொல்வதை அடியோடு விட்டுவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் தோழி டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு என்ன குழம்பு?" என்றேன்.

"தெரில. அவருதான் கட்டிக் குடுத்தாரு. நான் நைட்டெல்லாம் தூங்கல." மூடியைத் தொட்டபடி இருந்தாள். "அவருக்கு என்னமோ ஆவுது. பைக்க பூட்டிட்டு வந்து, பூட்டினேனான்னு மூணு தடவ எறங்கிப் போறாரு. கம்பெனில ஒரே பீஸ நாலு வாட்டி அளக்குறாராம், லைன் நின்னுபோவுதுன்னு சூப்பர்வைசர் கத்துறான். எல்லாம் அந்த கேம்ல ஆரம்பிச்சுது. அவரு கட்டினது அவருக்கே ஞாபகம் இல்லன்னு பயப்படுறாரு."

"கேம்தானே" என்றேன். என் கணவரின் சொல் என் வாயில் வந்தது.

"உனக்கு அவங்கப்பா கத தெரியாது. வயல்ல கூலி வேல செஞ்சவரு. வயலெல்லாம் மனையாப் போனப்புறம் ஒரு கம்பெனில வாட்ச்மேனா இருந்தாரு. அம்பது வயசுகூட ஆவல. ஒருநாள் ட்யூட்டிக்குப் போறேன்னு போனவரு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு, எங்க போவணும்னு தெரியாம அழுதுகினு இருந்தாரு. இவருதான் போய் கூட்டியாந்தாரு. கடைசில இவரையே யாருப்பா நீன்னு கேட்டாரு. இவரு எண்ணுறாரே, அது சும்மா இல்ல. எனக்குச் சரியா கீது, எனக்குச் சரியா கீதுன்னு தினமும் பாத்துக்கறாரு. டாக்டரு தலைக்கு ஸ்கேன் எழுதிக் குடுத்துட்டாரு, நாளைக்கு மத்தியானம் போறோம்."

நல்ல மனுஷியாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு எதற்கு மற்றவர்களின் படியை எண்ணிக்கொண்டு திரிய வேண்டும் என்று நினைத்தேன். அடுத்துத்தான் பயம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இருக்காது" என்றேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை மத்தியானம், தோழியும் அவள் கணவரும் ஸ்கேனுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உள்ளே போனேன். மூன்று மணி நேரம். சன்னல்களைப் பழைய இடத்தில் வைத்தேன். சொரசொரப்புக் கற்களைத் தேடித் தேடிப் பிடுங்கினேன். கம்பங்களை நட்டேன். நாலு சுவரையும் நானே எண்ணினேன். ஒவ்வொன்றும் அறுபத்து நாலு. இனி அவர் எண்ணினால் சரியாக வரும், பயம் தெளிந்துவிடும் என்று நம்பினேன்.

நோட்டை நான் மறந்துபோயிருந்தேன். அவர் இப்போது பழைய கணக்கை நம்பவில்லை. முந்தின நாள் நோட்டில் எழுதியதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் உள்ளே இருந்தோம். அவர் எண்ணத் தொடங்கினார். முதல் சுவர் முடிந்தது. தாள் புரட்டும் சத்தம் கேட்டது. இரண்டாவது சுவர். மறுபடி தாள். மூன்றாவது சுவரைப் பாதியில் நிறுத்தினார். "எதுவுமே இல்லையே" என்றார். அது எங்களிடம் சொன்னது அல்ல. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தோழி, "ஏங்க, இன்னாச்சு?" என்று கேட்டாள். அவள் மைக்கும் அணைந்தது. அவர் பொம்மை மட்டும் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். "நோட்டுல எழுதினது ஒண்ணுகூட அங்க இல்லையாம். நடக்காததெல்லாம் எழுதிகினு இருந்துக்கீறேன்னு சொல்றாரு. வேலைக்குப் போவல. ஸ்கேன் ரிசல்ட்டும் இன்னும் வரல. சுவத்த பாத்துகினு உக்காந்துகினு இருக்காரு. எனக்குப் பயமா கீதுடி" என்று அழுதாள்.

என் கணவர் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லு" என்றார்.

"நீங்களும் வாங்க. உங்களுக்கும் தெரியும்ல?"

"நான் செய்யலையே" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த நிமிடம் அவரையும் வெறுத்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆவடி வழியாகக் கோவில்பதாகைக்குப் போனேன். தோழியின் கணவர் தன் அப்பாவின் சின்ன மனையில் கட்டிய ஒரு மாடி வீடு. வாசலில் செருப்புகள் சுவரோடு ஒட்டி நேர்க்கோட்டில் இருந்தன. என் செருப்பையும் அந்த வரிசையில் விட்டுவிட்டு உள்ளே போனேன். அவர் லுங்கியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. தோழி சமையலறையிலிருந்து வந்து, "வா, காபி போடறேன்" என்றாள்.

"வேணாம்." நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணா, உங்க கோட்டையில கல்ல மாத்துனது நான்தான்."

அவர் நிமிர்ந்தார். "எந்தக் கல்லு?"

"எல்லாம். தினம் காலையில ஒண்ணு. ஒன்றரை மாசமா. சனிக்கிழமை எல்லாத்தையும் பழையபடி வெச்சதும் நான்தான். உங்களுக்கு ஒண்ணும் மறக்கலண்ணா."

தோழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "ம்மே, அந்த நோட்ட எடுத்தா" என்றார். அவள் கொண்டுவந்தாள். அதைப் பிரித்து ஸ்டூலில் வைத்து, ஒரு பேனாவையும் வைத்தார்.

"எதெது நீ பண்ணது, டிக் போடு."

'சிஸ்டர்' என்று கூப்பிடுவது போய்விட்டது. 'நீங்க' என்ற மரியாதையும் போய்விட்டது. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சின்னச் சின்ன அழகான எழுத்து. தேதி, இடம், இருந்தது, இருக்க வேண்டியது. சில வரிகளுக்குப் பக்கத்தில் 'நானே வைத்தேனா?' என்று எழுதியிருந்தார். டிக் போட்டுக்கொண்டே போனேன். முடித்ததும் நோட்டை வாங்கி, விரலை வைத்து எண்ணினார். இரண்டு முறை.

"மொத்தம் நாப்பத்தி ஒண்ணு. முப்பத்தி மூணுதான் டிக் போட்டுக்கீற. மீதி எட்டு?"

"அது நான் இல்லண்ணா."

"நல்லா பாத்து சொல்லு. இதோ, தெக்கு சன்னலு. இதோ, மாடிப்படி. பெட்டி எடம் மாறினது ரெண்டு தபா."

"இதுல ரெண்டு ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம நான் தொட்டதே இல்ல. மத்ததும் நான் இல்ல."

அவர் முகம் மாறியது. கொஞ்சம் முன்பு அதில் வந்திருந்த உயிர் மறுபடி வடிந்தது. எண்ணும்போது யாருக்கும் ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும். ஒன்றரை மாதத்தில் எட்டு என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவருக்குப் பின்னால் நின்ற தோழி என்னையே பார்த்தாள். மெதுவாகத் தலையை அசைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடு. வாயைத் திறக்காமல் கெஞ்சினாள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

"சத்தியமா அது நான் இல்ல" என்றேன்.

உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் பொய் எதற்கு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதல்ல காரணம். நான் செய்யாத எட்டை என் தலையில் ஏற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுவும் அவருக்காக. பேனாவை முன்னால் வைத்து டிக் போடு என்று சொன்ன அந்தக் குரலுக்காக.

அவர் நோட்டை மூடினார். "போ."

"அண்ணா..."

"அண்ணான்னு கூப்புடாத. எங்கப்பன கையப் புடிச்சு பஸ் ஏத்திக் கூட்டியாந்தவன் நானு. நீ இன்னா பண்ணிக்கீற தெரியுமா? என் மூளைய நானே நம்பாத மாரி பண்ணிட்ட. ஒரு மேட்டுக்கு."

"அது என் நாலு மாச வேல" என்றேன். அவ்வளவுக்குப் பிறகும் அது வாயில் வந்துவிட்டது.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "தோ பாரு. இன்னும் அதையே சொல்லிகினு கீறா."

கேட் வரை தோழி வந்தாள். வழியனுப்ப வந்தாள் என்று நினைத்தேன். "எட்டுதானே. ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒன்றரை மாசமா நீ சொல்லாத பொய்யா?" கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். டக்கென்று அடிக்கவில்லை. சத்தமில்லாமல் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஸ்கேன் முடிவு வந்தது என்றும் மூளையில் ஒன்றுமில்லை என்றும் அலுவலகத்தில் வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்தது. தூக்கமில்லாமலும் பயத்திலும் வந்த தடுமாற்றம் என்று டாக்டர் சொன்னாராம். பத்து நாளில் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். தோழி மேலாளரிடம் கேட்டு ஹாலின் மறுகோடியில் இடம் மாற்றிக்கொண்டாள். நாங்கள் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. வேறு எதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. நான் மத்தியானம் என் இடத்திலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

சர்வரை என் கணவர் மூடிவிட்டார். மூடுவதற்கு முன், "ஒருதடவ பாத்துக்கிறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கோழிகளை நினைத்தபோது மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். அவர் கையில் காய்கறிப் பை. இளைத்த உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு எட்டு நடந்தார். பிறகு நின்று, திரும்பி, நேராக என் முன்னால் வந்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு" என்றார். "அப்ப அந்த எட்டும் நீதான்."

இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெங்காயக் கடைக்குப் பக்கத்தில் நின்று தோழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வராததைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நான் செய்யாத ஒன்றை என் மேல் போட்டுவிட்டுப் போகிறாரே என்ற ஆத்திரம் பருத்திப்பட்டு தாண்டும்வரை அடங்கவில்லை.